கொட்டாங்குச்சி விளக்கைப் பள்ளிக்கூடத்தில் செய்ய வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள் நான். உங்கள் பத்திரிகையில் கடிதப் பகுதியை விடாமல் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். குறைக்க வேண்டியிருந்தால் என் வீட்டுக் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள், விளக்குச் செய்யும் முறையை மட்டும் அப்படியே போடுங்கள், அதில் ஒரு வரி விட்டாலும் செய்கிற பிள்ளைக்கு விளக்கு எரியாது.

சொல்ல வந்தது இதுதான். பேட்டரியில் எரிகிற படிப்பு விளக்கு ஒன்றை நம் மாவட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஆறாம் வகுப்பு அறிவியலில் மின்னியல் என்று ஒரு பாடம் இருக்கிறது, மின்கலம், சாவி, பல்பு என்று படம் போட்டு இருக்கிறது, அந்தப் பாடத்தை நடத்தும் வாரத்திலேயே இதைச் செய்ய வைத்துவிடலாம்.

எனக்கு இது மனதில் ஏறியது 2024 டிசம்பரில். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது, கடலோரத்துக்காரர்களுக்குத்தான் கஷ்டம் என்று நாங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடிய விடிய ஊற்றியது. மறுநாள் காலைக் கணக்குப்படி 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். மேட்டுக்காட்டு ஊர், மானாவாரியும் மாந்தோப்புமாக வாழ்கிற ஊர், இங்கே ஏரி உடைந்து ரோட்டில் நின்ற வேன்கள் உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். அன்று போன கரண்ட் எங்கள் தெருவுக்கு வர நான்கு நாள் ஆனது. மின்வாரிய ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பத்தில் ஏறியவர்களை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் மகள் அப்போது எட்டாவது. அரையாண்டுத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது. முதல் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சில் படித்தாள், விடிவதற்குள் செல்போன் செத்துப் போனது, அப்புறம் தர்மபுரியில் இருக்கிற என் அண்ணன் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்க எத்தனை தடவை கூப்பிட்டாரோ தெரியாது. இரண்டாம் நாள், அதற்கு முந்தின வருஷம் வாங்கி அலமாரி மேல் வைத்திருந்த எமர்ஜென்சி விளக்கை எடுத்தோம். பத்து நிமிஷம் மங்கலாக எரிந்து நின்றுவிட்டது. இந்தச் சார்ஜ் விளக்குகள் பலவற்றில் உள்ளே சின்ன ஈய பேட்டரிதான் இருக்கிறது, அதை மாதத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் ஏற்றி வைக்காவிட்டால் உள்ளேயே உப்புப் பிடித்துக் கெட்டுவிடும், பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் ஏறாது. கரண்ட் ஒழுங்காக இருக்கும் மாதங்களில் யாருக்கு அந்த ஞாபகம் வருகிறது?

மூன்றாம் நாள் மெழுகுவத்தி. என் மாமியார் பக்கத்தில் படுத்திருந்தார், பிள்ளை நோட்டை விரித்து அதன் மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், நான் அடுப்படியில் இருந்தேன். காற்றில் கதவு அடித்து மெழுகுவத்தி நோட்டின் மேல் சாய்ந்தது. நோட்டின் ஓரமும் பாயில் ஒரு கையளவும் கருகியது, அவ்வளவுதான், மாமியார் கையாலேயே அடித்து அணைத்துவிட்டார். ஆனால் பக்கத்துக் கூடையில் ஊர்க்காரர்கள் தைக்கக் கொடுத்த நைலக்ஸும் பாலியஸ்டரும் குவிந்து கிடந்தன. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ராத்திரிதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ரேடியோ மெக்கானிக். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அவர் கடையில்தான் இருப்பேன், கரண்டைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர்களைக் கலர் பார்த்துப் பிரித்துத் தனித்தனித் தீப்பெட்டியில் போடுவது என் வேலை. "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க" என்று வந்து போகிறவர்கள் கேட்பார்கள், அவர் தலை நிமிராமல் "அவ கணக்கு எனக்குச் சரியா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்வார். அந்தக் காலத்து ரேடியோவில் எல்இடி என்கிற குட்டி விளக்கு சிவப்பில்தான் இருக்கும், அப்புறம் பச்சை வந்தது. "அப்பா, வெள்ளையில வராதா?" என்று கேட்டால், "நீலம் வந்தாத்தான் கண்ணு வெள்ளை வரும், அதைத்தான் எல்லாரும் தேடிட்டு இருக்காங்க" என்பார். நல்ல வெளிச்சமான நீல எல்இடி 1990-களில் வந்தது, அதன் மேல் பாஸ்பர் என்கிற, நீல ஒளி பட்டால் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசித்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற வெள்ளை வெளிச்சம் கிடைக்கிறது. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா என்று ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை. இன்று அந்த வெள்ளை எல்இடி ஒன்று எனக்கு 3 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சரி, விளக்குக்கு வருகிறேன்.

வேண்டியவை: வெள்ளை எல்இடி மூன்று (5 மி.மீ. அளவு என்று கேட்டால் கொடுப்பார்கள்), 100 ஓம் ரெசிஸ்டர் மூன்று, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பென்சில் பேட்டரி மூன்று, கெட்டுப்போன சார்ஜரின் வயர், கட்டுக்கம்பி, ஒரு பிரஸ் பட்டன், பழைய காலண்டர் அட்டை, சைக்கிள் டியூப் ரப்பர், பார்சல் சாப்பாடு வருகிற அலுமினியத் தாள், இன்சுலேஷன் டேப், மணல் நிரப்ப ஒரு பழைய ஊறுகாய் பாட்டில், அப்புறம் கண் இருக்கிற பக்கத்துக் கொட்டாங்குச்சி ஒன்று. இதில் காசு கொடுத்து வாங்கியது எல்இடி, ரெசிஸ்டர், பேட்டரி மூன்றும்தான், எனக்கு மொத்தம் 60 ரூபாய்க்குள் முடிந்தது.

கொட்டாங்குச்சி ஏன் என்றால், தேங்காய்க்கு மூன்று கண், நமக்கு மூன்று எல்இடி. கண் இருக்கும் மூடியை நன்றாகச் சுரண்டி, வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, உள்ளேயும் வெளியேயும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ள வேண்டும். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும், தேங்காய் முளை வருவது அந்த வழியாகத்தான், அதில் குச்சியால் குத்தினாலே ஓட்டை விழும். மற்ற இரண்டும் கெட்டி. ஆணியைக் காய்ச்சி வைத்து நான் துளைத்தேன். இந்த ஒரு வேலையைப் பெரியவர்கள்தான் செய்து கொடுக்க வேண்டும். ஓட்டை எல்இடியின் தலை இறுக்கமாக உட்காரும் அளவுக்கு இருந்தால் பசையே வேண்டாம். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பிடித்தால் அதுதான் விளக்கின் குடை. எல்இடியின் தலை குடைக்கு உள்ளே எட்டிப் பார்க்கும், கால்கள் வெளியே மேல்பக்கம் நிற்கும்.

எல்இடிக்கு இரண்டு கால், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளக்கால் பிளஸ். காலை வெட்டிவிட்டால் எது எது என்று குழம்பும், அப்போது எல்இடியின் அடி வளையத்தைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் சீவியதுபோல் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் எரியாது, ஆனால் மூன்று பென்சில் பேட்டரியின் சக்திக்குக் கெட்டும் போகாது, திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை.

ஒவ்வொரு எல்இடியின் நீளக்காலோடும் ஒரு ரெசிஸ்டரின் ஒரு முனையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ரெசிஸ்டருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். பழுப்பு, கருப்பு, பழுப்பு என்று கோடு இருந்தால் அது 100 ஓம், கடைசியில் இருக்கும் தங்கக் கோட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். மூன்று ரெசிஸ்டரின் மறு முனைகளையும் ஒன்றாக முறுக்கிச் சிவப்பு வயரில் சேர்க்க வேண்டும். மூன்று குட்டைக் கால்களையும் ஒன்றாகக் கருப்பு வயரில் சேர்க்க வேண்டும். சால்டரிங் வைக்கத் தெரிந்தவர்கள் வைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வயரின் செப்பு இழைகளைக் காலில் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி மேலே டேப் போட்டாலும் வருஷக்கணக்கில் நிற்கும், நூலைப் பட்டனில் சுற்றி முடிகிற கை இருந்தால் போதும்.

மூன்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டால் என்ன என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி, நானும் அப்பாவிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஒரே பாக்கெட்டில் வந்த எல்இடிகளும் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று 3 வோல்ட்டில் நன்றாக எரியும், இன்னொன்று 3.2 கேட்கும். ஒரே வாய்க்காலில் மூன்று வயலைக் கட்டினால் பள்ளமான வயல்தான் தண்ணீரை முதலில் இழுக்கும், அதுபோல ஒரு எல்இடி மட்டும் அதிகக் கரண்டை இழுத்துச் சீக்கிரம் கெடும், மற்றவை மங்கலாக எரியும். ஆளுக்கொரு ரெசிஸ்டர் வைத்தால் அவரவர் பங்கு அவரவருக்கு.

பேட்டரி ஏன் மூன்று என்றால், இரண்டு போட்டால் 3 வோல்ட்தான். புதிதாக இருக்கும்போது எரியும், நான்கைந்து நாளில் பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் வெள்ளை எல்இடிக்கு அந்த வோல்ட் போதாமல் மங்கிவிடும், பேட்டரிக்குள் பாதிக்கு மேல் மீதி இருக்கும்போதே நமக்கு வெளிச்சம் இல்லாமல் போகும். மூன்று போட்டால் 4.5 வோல்ட். அதில் எல்இடி சுமார் 3.1 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 1.4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்குகிறது. 1.4-ஐ 100-ஆல் வகுத்தால் 0.014 ஆம்பியர் கரண்ட், அதாவது ஒரு எல்இடிக்கு 14 மில்லி ஆம்பியர். எல்இடி 20 வரை தாங்கும். 68 ஓம் போட்டால் அந்த 20 வரும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்கூடக் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, பேட்டரிதான் சீக்கிரம் தீரும். அதனால் நான் 100-தான் சொல்வேன்.

மூன்று பேட்டரியையும் ஒன்றின் தலை அடுத்ததன் அடியில் படும்படி வரிசையாக வைத்துக் காலண்டர் அட்டையில் இறுக்கமாகக் குழல்போல் சுருட்டி டேப் போட வேண்டும். ஒரு சாணுக்குக் குறைவான குழல்தான் வரும். வீட்டில் வயரிங் செய்து மிஞ்சிய 20 மி.மீ. குழாய் துண்டு கிடந்தால் அதிலும் இவை சரியாக இறங்கும். இரண்டு முனையிலும் அலுமினியத் தாளை நாலைந்தாக மடித்து, அதற்குள் வயரின் செப்பை வைத்து, பேட்டரியின் மேல் அழுத்தி, டியூப் ரப்பரால் நீளவாக்கில் இழுத்துக் கட்டினால் பிடிப்பு விடாது. பெரிய டார்ச் கட்டை வீட்டில் இருந்தால் அதையே மூன்று போடலாம், வோல்ட் ஒன்றுதான், ஆனால் பல மடங்கு நாள் உழைக்கும்.

சுவிட்சுக்கு நான் பலதும் பார்த்தேன். ஊக்கைப் போட்டுப் பார்த்தேன், துணி கிளிப்பில் அலுமினியத் தாள் ஒட்டிப் பார்த்தேன், எல்லாம் நான்கு நாளில் தளர்ந்துவிட்டன. கடைசியில் என் கை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கிற பொருளே உதவியது. ஜாக்கெட்டுக்கு வைக்கிற உலோகப் பிரஸ் பட்டன். ஒரு கெட்டித் துணிப்பட்டையின் இரண்டு முனையிலும் பட்டனின் இரண்டு பாதியையும் வைத்துத் தைத்து, ஒரு பாதியின் ஓட்டைகள் வழியாகக் குழலின் பிளஸ் முனையிலிருந்து வரும் வயரை நான்கைந்து சுற்றுக் கோத்து முறுக்கி, மறு பாதியில் விளக்குக்குப் போகும் சிவப்பு வயரை அதேபோல் கோத்து, கருப்பு வயரைக் குழலின் மைனஸ் முனை வயரோடு சேர்த்தால் முடிந்தது. பட்டனைப் போட்டால் விளக்கு எரியும், எடுத்தால் அணையும். "டிக்" என்று பிடிக்கிற பிடி நன்றாக இருப்பதால் வெளிச்சம் விட்டுவிட்டு எரியாது. பிளாஸ்டிக் பட்டன் உதவாது, சில உலோகப் பட்டன்களில் பெயிண்ட் பூசியிருப்பார்கள், அதைச் சுரண்டிவிட வேண்டும். தையல் தெரிந்த எந்த வீட்டிலும் இது டப்பாவில் கிடக்கும்.

கழுத்துக்குக் கட்டுக்கம்பி. கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு முழத் துண்டுகள் கேட்டால் சும்மாவே தருவார்கள். நான்கு இழை சேர்த்து முறுக்கினால் வளைக்கிற பக்கம் வளைந்து நிற்கும். அடியில் ஊறுகாய் பாட்டில் நிறைய மணல், அதற்குள் கம்பியைச் செருகி, பேட்டரிக் குழலையும் அதே பாட்டிலோடு கட்டிவிட்டால் விளக்கு சாயாது. கொட்டாங்குச்சியின் விளிம்பில் ஒரு ஓட்டை போட்டு, கம்பியின் முனையை அதில் மாட்டி முறுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து முதல் நாள் போட்டால், புத்தகத்தின் நடுவில் ஒரு தோசையளவு பளீரென்று வெளிச்சம், சுற்றிலும் ஒரே இருட்டு. இந்த வகை எல்இடியின் தலை குவிந்து கண்ணாடி வில்லைபோல் இருப்பதால் வெளிச்சம் டார்ச்போல் ஒரே இடத்தில் விழுகிறது. அதற்கு எல்இடியின் தலையைச் சன்னமான உப்புத்தாளில் பத்துத் தடவை தேய்த்து மங்கலாக்கினேன். குடையின் உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டினேன். வாய்ப்பக்கம், பூ வேலைக்கு டிசைன் எடுக்கும் டிரேசிங் பேப்பரை வட்டமாக வெட்டி ரப்பர் போட்டு இழுத்துக் கட்டினேன். அப்புறம் பார்த்தால் விரித்த நோட்டு இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெரிந்தது.

அலுமினியத் தாள் ஒட்டியபோது ஒரு தப்புச் செய்தேன். ஓட்டையைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியதில் தாளின் ஓரம் ஓட்டை வழியாக மேலே ஏறிவிட்டது, ஒரு எல்இடி மட்டும் எரியவில்லை. நான் எல்இடி போய்விட்டது என்று புதிதை எடுக்கப் போனேன். என் மகள்தான், "அம்மா, இருங்க, இந்தத் தாளு ரெண்டு காலையும் தொட்டுட்டு இருக்குது பாருங்க" என்று சொல்லி ஊசியால் தாளைக் கொஞ்சம் விலக்கினாள். எரிந்தது. கரண்டுக்குத் தாள் வழியாகச் சுலபமான பாதை கிடைத்ததால் அது எல்இடிக்குள் போகவே இல்லை. குறுக்குச் சுற்று என்று அவள் பாடப்புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய சொல்தான் அது, அன்றைக்குத்தான் அது அவளுக்குக் கையில் கிடைத்தது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் செய்ய வையுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் அந்த முகம்தான்.

விளக்கை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வலது கையால் எழுதுகிற பிள்ளைக்கு இடது பக்கம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் எழுதுகிற எழுத்தின் மேலேயே விழும். நோட்டிலிருந்து ஒரு முழத்துக்குக் குறைவான உயரம் போதும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும், அதனால் சின்ன விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் வழி. எல்இடி நேராகக் கண்ணில் படாதபடி குடை கவிழ்ந்திருக்க வேண்டும்.

எத்தனை நாள் வரும்? மூன்று எல்இடியும் சேர்ந்து 42 மில்லி ஆம்பியர். அல்கலைன் பென்சில் பேட்டரியில் சுமார் 2000 மில்லி ஆம்பியர் மணி இருக்கிறது, அந்தக் கணக்குக்கு 40 மணி நேரத்துக்கு மேல், தினமும் இரண்டு மணி நேரம் படித்தால் கிட்டத்தட்ட மூன்று வாரம். சாதாரணப் பேட்டரி விலை குறைவு, அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். எதைப் போட்டாலும் பட்டென்று அணையாது, மெல்ல மெல்ல மங்கும், அதனால் மாற்ற வேண்டிய நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். இதற்குப் பேட்டரி எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது, நான்கு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் கிடைக்கும். சார்ஜ் விளக்கைவிட இது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடிகாரம் நின்றுபோனது, ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போடுகிற பேட்டரிகளை மல்டிமீட்டரில் அளந்து பார்த்தேன், பலவற்றில் 1.1, 1.2 வோல்ட் மீதி இருந்தது. அப்படி நான்கைச் சேர்த்தால் இந்த விளக்கு எரிகிறது. படிக்க நாள் கணக்கில் வராது, ராத்திரி எழுந்து வெளியே போய்வரப் போதும். என் தங்கை அஞ்செட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அங்கே யானை வருகிற காடு, காற்றில் ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அவள் வீட்டில் வாசல் பக்கம் இப்படி ஒன்று தொங்குகிறது. ஆனால் பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது, பழையது இன்னும் வேகமாகத் தீர்ந்து கசியும். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் கையால் தொடாமல் துணியால் எடுத்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

செய்யக் கூடாததையும் எழுதிவிடுகிறேன். சுவரில் வருகிற 230 வோல்ட்டை இந்த விளக்கின் பக்கத்திலேயே கொண்டு வரக் கூடாது. பழைய செல்போன் பேட்டரியைப் பிள்ளைகள் தொடக் கூடாது, அதன் இரண்டு முனையும் உரசினால் தீப்பிடிக்கும், உப்பியதைக் குத்தினால் அதைவிட மோசம். பென்சில் பேட்டரியாக இருந்தாலும் இரண்டு முனையை நேராக ஒரே வயரால் சேர்த்தால் கை சுடும். சாதாரணப் பேட்டரியைச் சார்ஜரில் போடக் கூடாது, நெருப்பில் எறியக் கூடாது. வாட்ச்சில் போடுகிற வட்டப் பேட்டரி வேண்டவே வேண்டாம், கைக்குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். பியூஸ் போன 9 வாட் பல்பைப் பிரித்து அதிலிருக்கும் சில்லுகளைப் போடலாமே என்று நானும் முயன்றேன், பல பல்புகளில் ஒரு சில்லுக்குள்ளேயே இரண்டு மூன்று எல்இடி தொடராக இருப்பதால் 4.5 வோல்ட்டுக்கு எரியவே இல்லை, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

இனி, உங்கள் வழியாக நான் கேட்பது.

நம் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வானவில் மன்றம் என்று 2022 நவம்பரில் ஆரம்பித்திருக்கிறார்கள், அறிவியலைச் செய்து காட்டுவதற்கு. நல்ல திட்டம். ஆனால் செய்து காட்டுவதற்கும் செய்ய வைப்பதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது. முன்னால் நிற்கிற ஒருவர் பல்பை எரிய வைத்தால் நாற்பது பிள்ளைகள் கைதட்டுவார்கள், எரியாத பல்பை வைத்துக்கொண்டு ஏன் எரியவில்லை என்று அரை மணி நேரம் தேடினால்தான் அது அவர்களுடையதாகும். ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்றால் எல்இடி 120, ரெசிஸ்டர் 120, பேட்டரி 120. மொத்தமாக வாங்கினால் ஒரு பிள்ளைக்கு நான் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும். மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் கிரானைட் தொழிலும் நடக்கிற மாவட்டம் இது, ஊருக்கு ஊர் ஒரு பள்ளியை ஒருவர் எடுத்துக்கொண்டால் பெரிய செலவில்லை. உங்கள் பத்திரிகை சிறுவர் பகுதியில் ஒரு வாரம் படம் போட்டு இந்தச் செய்முறையை வெளியிட்டால் ஆசிரியர்கள் கையில் தானாகப் போய்ச் சேரும்.

அப்புறம், தீர்ந்த பேட்டரிகள். விளக்குச் செய்யச் சொல்லிவிட்டு அவற்றைக் குப்பைமேட்டில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் என்று மத்திய அரசு 2022-இல் கொண்டுவந்திருக்கிறது, தயாரிக்கிற கம்பெனிகளே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது, இந்தச் சின்னப் பேட்டரிகளும் அதில் சேர்த்திதான். எங்கள் ஊரில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்லை. பஞ்சாயத்தில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வாங்க வரும் வண்டியில் பேட்டரிக்கென்று ஒரு டப்பா தொங்கவிட்டால்கூடப் போதும். இப்போதைக்கு என் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், தெருப் பிள்ளைகளும் கொண்டு வந்து போடுகிறார்கள், டப்பா நிறையப் போகிறது. யாரிடம் கொடுப்பது என்று விவரம் தெரிந்த வாசகர்கள் இதே பகுதியில் எழுதினால் நன்றாக இருக்கும்.

எங்கள் தெருவில் இதுவரை பதினொரு விளக்கு ஆகியிருக்கிறது. ஊத்தங்கரை வட்டத்தில் எந்தப் பள்ளியாவது சனிக்கிழமை ஒரு மத்தியானம் கொடுத்தால் நான் வந்து சொல்லித் தருகிறேன், காசு எதுவும் வேண்டாம். கொட்டாங்குச்சியும் பிரஸ் பட்டனும் நான் கொண்டு வருவேன், கண்களைத் துளைத்துத் தயாராகவே கொண்டு வருவேன். உப்புத்தாள் மட்டும் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு வாசகி,
ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.